அப்பாவை வரைய போட்டோ மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கையால் உருவப்படம் வரைந்து தருபவர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அளவு, விலை, எத்தனை நாளில் கிடைக்கும் என்பதெல்லாம் இருந்தது. வரையக் கொடுப்பவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் இல்லை. பணத்தைக் கொடுத்து அதைக் கற்றுக்கொண்டவள் என்பதால் எழுதுகிறேன்.

அப்பாவின் முதல் வருடத் திதிக்குள் ஒரு ஆயில் பெயின்டிங் வேண்டும் என்று ஒரு கடையில் கொடுத்தோம். நாங்கள் தந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "கொஞ்சம் கலராக்கி, சிரிக்கிற மாதிரி போட்டுடலாமா?" என்று கேட்டார்கள், நாங்களும் சரி என்று தலையாட்டினோம். 18,000 ரூபாய். வந்த படத்தை அம்மா ஒரு முறை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அப்புறம்தான் தெரிந்தது, போட்டோவை கேன்வாஸில் பிரின்ட் எடுத்து அதன்மேல் பிரஷ் தடம் போலத் தெரிய ஜெல் தடவிக் கொடுத்திருக்கிறார்கள். லென்ஸ் வைத்துப் பார்த்தால் புள்ளி புள்ளியாக அச்சு மை தெரிகிறது. சட்டை மடிப்பு ஒரு பக்கம் போக, பிரஷ் தடம் அதற்குச் சம்பந்தமில்லாமல் வேறு பக்கம் போகிறது. வாங்குபவர்கள் இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவதாக நாங்கள் போனது முன்பு சினிமா பேனர் வரைந்த ஒரு பெரியவரிடம். கட்டம் போட்டு இருபதடி முகம் வரைந்தவர், ஃபிளெக்ஸ் வந்த பிறகு வீட்டில் உட்கார்ந்து உருவப்படம் வரைகிறார். போட்டோவை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்பா என்ன வேலை பார்த்தாரும்மா?" என்றார். டைலர் என்றேன். "அப்ப உதட்டுல குண்டூசியைக் கவ்விக்கிட்டே பேசுவாரே" என்றார்.

எனக்குப் பேச்சே வரவில்லை. நாற்பது வருடம் அப்படித்தான் அப்பா பேசினார். ஊசி இல்லாத நேரத்திலும் வாயின் இடது ஓரம் உள்ளே இழுத்தபடியே இருக்கும், அந்த ஓரத்திலிருந்துதான் எங்களைத் திட்டுவார், அங்கேயேதான் சிரிப்பும் வரும். கேமரா முன்னால் விறைத்து நின்றதால் எந்தப் போட்டோவிலும் அது விழவில்லை.

அவர் அதோடு விடவில்லை. மெஷின் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, வெளிச்சம் எங்கிருந்து விழும் என்று கேட்டு, ஒரு நாள் மாலை கடைக்கே வந்து அப்பாவின் ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். போட்டோவில் பிளாஷ் நேராக அடித்து, கன்ன எலும்பும் கண்ணுக்குக் கீழே இருந்த பள்ளமும் காணாமல் போயிருந்தன. வாசல் பக்கத்து வெளிச்சத்தில் வரைந்தபோது இரண்டும் திரும்பி வந்தன. நிறத்தை வெளுக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார். கறுப்புத் தோலில் வெளிச்சம் பட்டால் நீலமும் தெரியும், செம்மண் நிறமும் தெரியும், அதுதான் வரையவே ருசி என்றார். 2021-ல் கொரோனாவில் நாம் பறிகொடுத்த ஓவியர் இளையராஜா வரைந்த பெண்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

ஐந்து வாரம் ஆனது. படத்தை மாட்டிய அன்று அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார், பிறகு போய் டிவி சத்தத்தைக் குறைத்தார். சத்தமாக வைத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது.

போட்டோ இல்லாமல் ஆளை வரைய முடியுமா என்று கேட்பவர்கள் திருவள்ளுவரை நினைத்துப் பாருங்கள். பார்த்தவர் யாரும் கிடையாது. கே.ஆர். வேணுகோபால் சர்மா குறளிலிருந்தே அவர் குணத்தைப் பிடித்து வரைந்தார். 1964-ல் சட்டமன்றத்தில் திறந்துவைக்கப்பட்ட அந்த முகத்தைத்தான் இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூட வள்ளுவர் என்கிறது.

ஓவியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படிப் பேசித் தெரிந்துகொள்ளும் நேரத்துக்கும் சேர்த்துக் கூலி கேளுங்கள், தருவோம். ஆசிரியர் அவர்களே, அடுத்து இதைப் பற்றி எழுதும்போது விலைப் பட்டியலோடு இந்தக் கேள்விகளையும் போடுங்கள்: என்ன வேலை பார்த்தார், கோபம் வந்தால் எங்கே பார்ப்பார், சும்மா இருக்கும்போது கை எங்கே இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்