விடியற்காலை வகுப்புகளும் உயர்தர மாணவரின் தூக்கமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்களுக்கான தனியார் வகுப்புகளைப் பாடசாலை நாட்களிலும் அதிகாலை ஐந்தரை மணிக்கே தொடங்கும் வழக்கம் குறித்து, பெற்றோரும் கல்வி அதிகாரிகளும் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்பதற்காக இதனை எழுதுகிறேன்.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து நகருக்கு வரும் பிள்ளை அந்த வகுப்பைப் பிடிக்க நான்கு மணிக்கு எழும்ப வேண்டியுள்ளது. ஏழரைக்குப் பாடசாலை, ஒன்றரைக்கு அது விட்டதும் மீண்டும் வகுப்பு. இரவு வகுப்பும் முடிந்து வீடு வந்து, சாப்பிட்டு, கொடுத்த கணக்குகளைச் செய்து படுக்கும்போது பதினொன்றரை ஆகிவிடுகிறது. எஞ்சுவது நாலரை மணித்தியாலம். 13 முதல் 18 வயது வரையானவர்களுக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016 இல் பரிந்துரைத்தது.

'நாங்களும் நாலு மணிக்கு எழும்பித்தானே படித்தோம்' என்பார்கள் பெரியவர்கள். உண்மைதான், ஆனால் எட்டரைக்குக் குப்பி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் அவர்கள். மேலும், பருவ வயதில் தூக்கத்துக்கு வழிவிடும் மெலடோனின் என்ற ஹோர்மோன் இரவில் பிந்தியே சுரக்கத் தொடங்குவதால், ஒன்பது மணிக்குப் படுக்க அனுப்பினாலும் பலருக்குத் தூக்கம் வராது. காலையில் எழும்பத் தடுமாறும் பிள்ளையைச் சோம்பேறி என்று ஏசுவதில் நியாயமில்லை. இதைக் கருத்திற்கொண்டே கலிபோர்னியா மாநிலம், பெரும்பாலான உயர்நிலைப் பாடசாலைகள் காலை 8.30 க்கு முன் ஆரம்பிக்கக் கூடாது என்ற சட்டத்தை 2022 இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கற்றதை மூளை நினைவில் பதித்துக்கொள்ளத் தூக்கம் அவசியம். அப்படியிருக்க, காசு கட்டிப் படித்ததைத் தக்கவைக்க உதவும் நேரத்தையே இந்த வகுப்பு பறித்துக்கொள்கிறது என்பதுதான் விசித்திரம்.

வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. கச்சான் என்னும் வெப்பமான தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரை வீடுகள் இரவிலும் வெக்கையாகவே இருக்கின்றன. உடலின் உட்சூடு சிறிது தணிந்தால்தான் தூக்கம் பிடிக்கும் என்பதால், முன்னிரவில் குளித்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் நுளம்பு வலை கட்டிப் படுப்பது நல்லது. கண்விழித்துப் படிப்பதற்காக இரவில் குடிக்கும் பிளேன்டீயிலுள்ள (பால் கலக்காத தேநீர்) கஃபீனில் பாதியளவு, ஏறத்தாழ ஐந்து மணித்தியாலம் கழிந்த பின்னும் உடலில் தங்கியிருக்கும். கைப்பேசி படுக்கைக்கு வரவே கூடாது. படுத்து இருபது நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டிராமல் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் அமைதியாக உட்கார்ந்திருந்து, கண் சொக்கும்போது மீண்டும் படுப்பதே மருத்துவர்கள் கூறும் வழி.

ஆனால் நான்கு மணிக்கு எழுந்தே ஆகவேண்டும் என்றால் இவற்றால் பெரிய பயன் விளையாது. தனியொரு பெற்றோர் தம் பிள்ளையை மட்டும் நிறுத்திக்கொள்ளத் துணியமாட்டார், போட்டி அப்படிப்பட்டது. ஆகவே வலயக் கல்வி அலுவலகங்களும் மாவட்டச் செயலகமும் தனியார் வகுப்பு நடத்துவோரை அழைத்துப் பேசி, பாடசாலை நாட்களில் காலை வகுப்புகளை முற்றாக நிறுத்தவும், மாலை வகுப்புகளை ஏழு மணிக்குள் முடிக்கவும் அடுத்த தவணை தொடங்குமுன் உடன்பாடு காண வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
மட்டக்களப்பு.