கோயிலை இறக்கும் முன் கல்வெட்டைப் படியெடுங்கள்

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவிலுள்ள அண்ணாச்சிமாருக்கும் மதினிமாருக்கும்,

வணக்கம். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தாவுக்குப் பொங்கலிட வந்திருந்தேன். மறுநாள் விடிந்ததும் வாய்க்கால் கரைச் சிவன் கோயிலுக்குப் போனேன். வாழைத்தோட்டத்து வரப்பில் நடந்து, உடைமரங்களை விலக்கிக்கொண்டுதான் உள்ளே நுழைய முடிந்தது. என் ஆச்சி இருந்தவரை வெள்ளிக்கிழமை தவறாமல் அங்கே ஒரு விளக்கு எரியும். அவளுக்குப் பிறகு யாரும் ஏற்றவில்லை. அந்தக் கோயிலை எடுத்துக் கட்ட நீங்கள் கூடியிருக்கிறீர்கள் என்று கேட்டதும் மனசு நிறைந்துபோயிற்று. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய கட்டடத்தை முழுக்க இறக்கிவிட்டு, கான்கிரீட் தளமும் கிரானைட் தரையுமாகப் புதிதாக எழுப்பப்போவதாகக் கடைத்தெருவில் பேசிக்கொண்டார்கள். ஒரு கல்லையும் அசைக்கும் முன் நான் அங்கே பார்த்ததைக் கேளுங்கள்.

கருவறைக்கு முன்னாலுள்ள அர்த்த மண்டபத்தின் கூரை விழுந்து கிடக்கிறது. கருவறை நிற்கிறது. விமானத்தின் மூலையில் முளைத்த அரசமரம் கல்லிடுக்கெல்லாம் வேரை விட்டிருக்கிறது. மண் மேடேறி அடித்தளத்தில் பாதி புதைந்துவிட்டது. தெற்குப் பக்கம் சருகை ஒதுக்கியபோது, அடித்தளத்தில் உருண்டையாக ஓடும் குமுதக் கல்லில் எழுத்துத் தெரிந்தது. விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினேன். 'சாவா மூவாப் பேராடு' என்பது வரை வந்தது. அதற்குமேல் கல் உடைந்திருக்கிறது.

அணையாமல் எரியும் நந்தா விளக்குக்கு ஆடு கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகளில் வரும் சொல் அது. கோயிலுக்கு ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார். இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு, நாள்தோறும் உழக்கோ அதுபோன்ற அளவோ நெய் அளப்பார். ஆடு சாகும், கிழடாகும். குட்டிகள் பெருகுவதால் மந்தையின் எண்ணிக்கை மட்டும் குறையாது. அதனால்தான் சாவாத, மூவாத ஆடு. என் ஆச்சிக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அந்தக் கல் சொன்ன வேலையைத்தான் அவள் வெள்ளிதோறும் செய்துகொண்டிருந்தாள். அதை நினைத்து அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்துக் கல்லில் இருந்ததை என்னால் வாசிக்க முடியவில்லை. வளைந்து வளைந்து போகும் எழுத்து, வட்டெழுத்தாக இருக்கலாம். பாண்டிய நாட்டில் முன்பு அதுதான் வழக்கம். ராஜராஜன் இந்தச் சீமையைப் பிடித்த பிறகுதான் கல்வெட்டில் இன்றைய தமிழ் எழுத்தின் முன்வடிவம் ஓங்கியது. அப்படியானால் அந்தக் கல் சோழர் வருவதற்கு முந்தியதாகக்கூட இருக்கலாம். வாசிக்கத் தெரிந்தவர்கள் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

இன்னொரு கல் மடைப் பக்கம் துவைகல்லாகக் கிடக்கிறது. எழுத்துள்ள பக்கம் மேலே இருக்கிறது. துவைப்பவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அது என்னவென்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

பழைய கோயிலை இறக்கிக் கட்டுவது பாவம் என்று நான் சொல்லவில்லை. ராஜராஜனே செய்திருக்கிறான். திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இறக்கிப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டவன், அதற்கு முன் சுவரிலிருந்த கல்வெட்டுகளையெல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில் அவற்றைப் புதுச் சுவரில் திரும்ப வெட்டினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் காட்டிய அந்தக் கவனத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

படியெடுப்பதால் கல்லுக்கு ஒரு சேதமும் வராது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டுவார்கள், எழுத்தின் பள்ளத்தில் காகிதம் படியும், மேலே மை ஒற்றி உரித்து எடுப்பார்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கு ஊர் சார்பில் மனுக் கொடுப்போம். அவர்களைக் கூப்பிட்டால் கோயிலைப் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு அண்ணாச்சி பயந்தார். படியெடுக்க வருவது வேறு, கோயிலைத் துறை எடுத்துக்கொள்வது வேறு. எடுத்துக்கொண்டாலும் பூசை நிற்பதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது, தினமும் பூசை நடக்கிறது. நம் பிரம்மதேசத்துக்குப் பக்கத்தில் திருவாலீஸ்வரத்துக்கு ஒருமுறை எல்லாரும் போய்வருவோம். அந்தக் கோயிலைக் காக்கும் பொறுப்பை மூன்றுகை மகாசேனை என்ற சோழப் படை ஏற்றுக்கொண்ட சேதி நமக்குத் தெரிந்ததே அங்குள்ள கல்வெட்டால்தான்.

அழுக்குப் போக மணலைப் பீய்ச்சி அடிக்க மட்டும் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். அழுக்கோடு கல்லின் மேல்தோலும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். சிமெண்டும் வேண்டாம். ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே பிடித்துவைக்கும். கம்பி வைத்தால் துருவேறிப் பருத்துக் கல்லைப் பிளக்கும். சுண்ணாம்பு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டித் தண்ணீரும் விட்டுக் கட்டிய ஊர் நம் ஊர். கருப்பட்டிக்கு நமக்கு என்ன பஞ்சம்? கல்லுக்கு எண் போட்டு, படம் எடுத்து, வரிசை மாறாமல் இறக்கினால் அதே கல்லை அதே இடத்தில் திரும்ப வைக்கலாம். அரசமரத்தை மேலே வெட்டினால் போதாது, மறுபடி துளிர்க்கும். வேரைக் கருக்கி எடுக்கத் தெரிந்தவரைத்தான் அழைக்க வேண்டும். தரையை உயர்த்தாமல், மேடேறிய மண்ணை அள்ளினால் புதைந்த கல் வரிசையிலும் எழுத்து இருக்கக்கூடும்.

இதனால் கும்பாபிஷேகம் சில மாதம் தள்ளிப் போகும். போகட்டும். மனுவை நான் எழுதி எடுத்து வருகிறேன், குழுவின் கையெழுத்து மட்டும் வேண்டும். படியெடுக்க வருகிறவர்களுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். மடையில் கிடக்கும் துவைகல்லுக்குப் பதிலாக அதைவிட அகலமான கல் ஒன்றை என் செலவில் வாங்கிப் போடுகிறேன். அதற்குள் அந்தக் கல்லை யாராவது கவிழ்த்து, எழுத்துப் பக்கம் தரையில் தேயாமல் வைக்கோல் போட்டு வைத்தால் பெரிய உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
மேலத்தெரு ஆச்சியின் பேத்தி