பெயர் போடாத பெயர்சூட்டு விழா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில், ஆப்பிரிக்காவில் புதிதாக ஒரு கூன்வண்டு இனத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தியைப் படித்தேன். "இந்தச் சிறு பூச்சியால் மனிதருக்கு நன்மையும் இல்லை, தீமையும் இல்லை" என்று அதை முடித்திருந்தீர்கள். அந்த வரிக்குப் பிறகு எனக்குக் காப்பி இறங்கவில்லை.

பெயர் வைத்ததுதான் செய்தி. அந்தப் பெயர் செய்தியில் எங்கும் இல்லை. பந்தல் போட்டு, பந்தியும் பரிமாறி, குழந்தையின் பெயரை மட்டும் சொல்லாமல் வந்தவர்களை அனுப்பிவைத்ததைப் போலிருந்தது. எந்த நாடு? 'ஆப்பிரிக்கா'வாம். ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் உள்ள கண்டம் அது. கூடவே ஒரு படம், தலையில் கொம்போடு ஒரு தடியன். ஐயா, அது காண்டாமிருக வண்டு. குருத்தைத் துளைத்து, எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையின் கன்றையே சாகடிக்கும் என்று தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் சொல்லும். கூன்வண்டுக்கு இருப்பது நீண்ட மூக்கு. அதன் நுனியில்தான் வாய். கொம்பும் மூக்கும் வேறு வேறு என்பதைத் தங்கள் ஆசிரியர் குழுவுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

'கண்டுபிடித்தார்கள்' என்று ஆறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன். கண்டுபிடிப்பது ஒரு பிற்பகல் வேலை. விவரிப்பதுதான் வருடக்கணக்கில் இழுக்கும். 1990களில் ஒரு தோட்ட ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்தவன் நான். மூன்று நான்கு மில்லிமீட்டர் வண்டை ஊசியில் குத்த முடியாது. அட்டையை முக்கோணமாக நறுக்கி, அதன் முனையில் ஒரு புள்ளி பசை வைத்து ஒட்ட வேண்டும். மூச்சை விட்டால் பறந்துவிடும். வெளிப்பார்வைக்கு இரட்டைப் பிறவிபோல் இருக்கும் இரண்டு இனங்களைப் பிரித்தறிய ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து, காரக் கரைசலில் ஊறவைத்து, இனப்பெருக்க உறுப்பின் வடிவத்தை வரைவார்கள். பழைய அருங்காட்சியகப் பெட்டிகளில் இருப்பவற்றோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்ட பிறகுதான் 'இது புதிது' என்று எழுதத் துணிவு வரும். ஒரே ஒரு வண்டைத் தேர்ந்து, சிவப்புச் சீட்டுக் குத்தி, அதையே அந்தப் பெயருக்கு மூலமாதிரியாக வைப்பார்கள். அது எந்த அருங்காட்சியகத்தில் சேர்க்கப்படுகிறது என்று எழுதாவிட்டால், 2000ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ள விதிப்படி அந்தப் பெயரே செல்லாது. தங்கள் செய்தியில் அதுவும் இல்லை.

சென்ற ஆண்டு மாணவர் பகுதியில் 'செம்பனையில் காற்றால் மகரந்தச் சேர்க்கை நடக்கிறது' என்று போட்டீர்கள். 1970களில் விஞ்ஞானிகளே அப்படித்தான் நினைத்தார்கள். தங்கள் மாணவர் பகுதி இன்னும் அங்கேயே நிற்கிறது. 'அது கூன்வண்டின் வேலை' என்று நான் எழுதிய மறுப்பைப் பாதியாக நறுக்கி, 'கூன்வண்டு' என்பதைக் 'கூனல் வண்டு' ஆக்கி வெளியிட்டீர்கள். அதற்கும் நன்றி சொல்லி அஞ்சலட்டை போட்டேன். நினைவிருக்கும்.

இப்போது அந்த 'நன்மையும் இல்லை, தீமையும் இல்லை'க்கு வருகிறேன். 1898இல் ஃபாவுஸ்ட் என்ற பூச்சியியலாளர் கேமரூன் நாட்டுக் கூன்வண்டு ஒன்றை விவரித்து, 'கமெரூனிக்கஸ்' என்று அந்த நாட்டின் பெயரையே வைத்தார். அன்று தாங்கள் செய்தி போட்டிருந்தால் இதே வரியால்தான் முடித்திருப்பீர்கள். பெயர் பல பத்தாண்டுகள் புத்தகத்திலேயே கிடந்தது. மலேசியாவில் என் அம்மா செம்பனைப் பூவுக்குத் தூள் அடித்துக்கொண்டிருந்தார்.

விடிவதற்குள் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. ஆண் பூவிலிருந்து உதிர்த்துக் காயவைத்த மகரந்தத்தை டால்கம் தூளோடு கலந்து, வளைந்த குழாய் பொருத்திய குப்பியில் அடைத்துக்கொண்டு மரம் மரமாகப் போவார். பெண் பூ இரண்டு மூன்று நாள்தான் தயாராக நிற்கும். தவறவிட்டால் குலையில் காய் பிடிக்காது, மேற்பார்வை பார்க்கும் தண்டலின் வாயில் விழ வேண்டும். மட்டை முள் கிழித்த கோடுகள் அம்மாவின் முன்கையில் கடைசிவரை இருந்தன. வீட்டுக்கு வரும்போது புருவமெல்லாம் வெள்ளையாக இருக்கும். சின்ன வயதில் அதை முகப்பூச்சு என்று நினைத்திருந்தேன்.

கேமரூனில் யாரும் தூள் அடிக்காமலே காய் பிடிப்பதேன் என்று பார்க்க 1977இல் அங்கே போனவர் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் ரஹ்மான் சையத். ஃபாவுஸ்ட் பெயர் வைத்த அதே வண்டுதான் அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்தது. சோம்பு வாசனை வீசும் ஆண் பூவில் அது முட்டையிடும். பெண் பூவும் அதே வாசனையைக் கொஞ்சம் விட்டு அதை ஏமாற்றும். போன இடத்தில் ஒன்றும் கிடைக்காது; உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தத்தைக் கொட்டிவிட்டுத் திரும்பும். வேறு பயிரைத் தொடாது என்று சோதித்த பிறகு, 1981 பிப்ரவரியில் எங்கள் குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் அதை விட்டார்கள். பெயரும் விவரமும் ஏட்டில் இல்லாமல் இருந்திருந்தால், எந்த வண்டைச் சோதிப்பது, எதை இங்கே கொண்டுவருவது?

எங்கள் தோட்டத்துக்கு அது தானாகவே வந்து சேர்ந்தது. குலை கனத்தது. தூள் அடிக்கும் வேலை நின்றது. நன்மை யாருக்கு, தீமை யாருக்கு என்று நான் கணக்குப் பார்க்க வரவில்லை. அம்மாவைக் களைக்கொல்லி அடிக்கும் கூட்டத்தில் சேர்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்த பிறகு ஒரு நாள் அவரை அழைத்துப்போய் நுண்ணோக்கியில் அந்த வண்டைக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்தார். "இதற்கெல்லாம் யார் பெரட்டு எடுப்பது?" என்று மட்டும் கேட்டார்.

அவர் மறைந்தபோது இரங்கல் அறிவிப்பில் 'செம்பனைப் பூவுக்கு மகரந்தம் சேர்த்தவர்' என்று எழுதிக் கொடுத்தேன். காசு கட்டிய விளம்பரம். இடமில்லை என்று 'தோட்டத் தொழிலாளி' என மாற்றினார்கள். எந்தப் பத்திரிகை என்று நான் சொல்லப்போவதில்லை.

விவரிக்கப்பட்ட கூன்வண்டுகள் மட்டும் 50,000 இனங்களுக்கு மேல். 2020இல்கூட, நம் செம்பனை வண்டின் பேரினத்திலேயே ஆப்பிரிக்காவிலிருந்து இரண்டு புதிய இனங்களை விவரித்திருக்கிறார்கள். அவற்றால் என்ன பயன் என்று எனக்கும் தெரியாது, தங்களுக்கும் தெரியாது.

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போதும்: அந்த வண்டின் பெயர், அது கிடைத்த நாடு. இடமிருந்தால் மூலமாதிரி இருக்கும் அருங்காட்சியகம். இந்தக் கடிதத்தையும் வழக்கம்போல் நறுக்குவதானால் தாராளமாக நறுக்குங்கள். பக்கத்தில் அந்தக் காண்டாமிருக வண்டை மட்டும் மறுபடி போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
குளுவாங், ஜொகூர்.