இணைய விண்ணப்பப் படிவங்களுக்கு நிரல் எழுதும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம். சான்றிதழோ உதவித்தொகையோ, இன்று முதல் படி நீங்கள் அமைக்கும் படிவம்தான். அதில் தன் பெயரைத் தமிழில் எழுத முடியாமல் ஒருவர் திணறினால், பெரும்பாலும் காரணம் உலாவியில் ஓடும் சில வரி ஜாவாஸ்கிரிப்ட். அவற்றைத் திருத்தும்படி கேட்கவே இதை எழுதுகிறோம்.

முதலில் நீள வரம்பு. பெட்டிக்கு இடும் மேக்ஸ்லென்த் என்ற அதிகபட்ச நீள வரம்பு நாம் எண்ணும் எழுத்துகளை அல்ல, கணினி உரையைக் குறிக்கும் யுடிஎஃப்-16 அலகுகளை எண்ணுகிறது. மீனாட்சிசுந்தரம் என்பதில் நம் கணக்குக்கு 9 எழுத்து. உயிர்க்குறிகளும் புள்ளிகளும் தனித்தனியாகச் சேர்வதால் உலாவிக்கு அது 16. வரம்பு 15 என்றால் கடைசிப் புள்ளிக்கு இடமே இல்லை. அதே பெயர், உரையைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில், அலகுக்கு 3 பைட்டாக 48 பைட். தரவுத்தளப் புலம் 40 பைட் என்றிருந்தால், உலாவியில் தேறிய பெயர் சேமிக்கும்போது தவறும். பெயருக்கு 100 அலகு விடுங்கள். புலத்தை 300 பைட்டாக வையுங்கள்.

அடுத்து எழுத்துச் சோதனை. ஏ முதல் இசட் வரை மட்டும் ஏற்கும் விதியை மாற்றி, எல்லா மொழி எழுத்துகளையும் வகைப்படுத்தும் யூனிகோடின் 'எழுத்து' வகையைப் போட்டவுடன் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அந்த விதியில் 'ரவி'கூடத் தேறாது. விகரத்தின் இகரக் குறி 'எழுத்து' வகையில் இல்லை, 'குறி' வகையில் இருக்கிறது. இரண்டையும் அனுமதியுங்கள். இடைவெளியும் முற்றுப்புள்ளியும் கூடவே வேண்டும். தலைப்பெழுத்து இல்லாமல் நம் பெயர் ஏது? 'கோ' என்பதன் ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஏகாரக் குறியும் காலுமாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, ஒப்பிடும்போது வேறு. ஒப்பிடுவதற்கு முன் நார்மலைஸ் செய்து, இரண்டையும் ஒரே குறியாக்கும் என்எஃப்சி வடிவுக்குக் கொண்டுவாருங்கள்; சர்வரிலும் அதையே செய்யுங்கள்.

மிகுந்த தொல்லை தருவது, ஒவ்வொரு விசைக்கும் காவல் நிற்கும் நிரல். ஆண்ட்ராய்டு குரோமில் திரை விசைப்பலகையால் தட்டும்போது, விசையை அழுத்தியதும் எழும் கீடவுன் நிகழ்வு பெரும்பாலும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் தரும். எந்த எழுத்து என்று அதிலிருந்து தெரியாது. அதனால் சிலர், பெட்டியில் எழுதியது மாறும்போது எழும் இன்புட் நிகழ்வில் பெட்டியின் மதிப்பையே வடிகட்டித் திரும்ப எழுதுகிறார்கள். எழுத்து இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போது மதிப்பை மாற்றினால் எழுத்துகள் இரட்டிக்கும், விழுங்கப்படும், சுட்டி கடைசிக்குத் தாவும். எழுத்து உருவாகிக்கொண்டிருப்பதைச் சொல்லும் ஈஸ்கம்போசிங் உண்மை எனில் மதிப்பைத் தொடாதீர்கள். ஆனால் குரோமில், எழுத்து உருவாகி முடிந்ததைச் சொல்லும் கம்போசிஷன்எண்ட் நிகழ்வு வருவது கடைசி இன்புட்டுக்குப் பிறகு. அதையும் கவனிக்காவிட்டால் இறுதி எழுத்து சோதனைக்கே வராது. எங்கள் பரிந்துரை இதைவிட எளிது: எழுத விடுங்கள், பெட்டியை விட்டு வெளியேறும்போது சோதியுங்கள். பெட்டிக்கு நம் சொந்தப் பிழைச் செய்தியை இடும் செட்கஸ்டம்வேலிடிட்டி வழியே பிழை சொன்னால், திருத்திய பின் அதற்கு வெற்றுச் சரம் கொடுக்க மறக்காதீர்கள். மறந்தால் சரியான பெயரோடும் படிவம் நகராது.

தற்போதைய முகவரியை நிரந்தர முகவரிக்கு நகலெடுக்கும் 'நிரந்தர முகவரியும் இதுவே' என்ற டிக் பெட்டியையும் பாருங்கள். நிரல் வழியே மாவட்டத்தை மாற்றினால் சேஞ்ச் நிகழ்வு தானாக எழாது. அந்த மாவட்டத்தின் வட்டங்களைக் காட்டும் பட்டியல் பழையதாகவே நிற்கும். நிகழ்வை நீங்களே எழுப்ப வேண்டும். சர்வரிலிருந்து வட்டங்கள் வந்து சேரும் முன்பே மதிப்பை இட்டால் தேர்வு வெறுமையாகிவிடும். பட்டியல் நிரம்பிய பிறகே இடுங்கள். நகலெடுத்த பெட்டிகளை டிஸேபிள் செய்து முடக்கினால் அவை அனுப்பப்படவே மாட்டா. உரைப் பெட்டிக்கு, படிக்க மட்டும் விடும் ரீட்ஒன்லி போதும். செலக்ட் பட்டியலுக்கு அந்த வசதி கிடையாது, மறைவுப் பெட்டி ஒன்றில் மதிப்பை வையுங்கள்.

அனுப்பும்போது சப்மிட் முறையை நேரடியாக அழைத்தால் உலாவியின் சோதனைகளும் சப்மிட் நிகழ்வும் தாண்டப்படும். அவற்றைத் தாண்டாமல் அனுப்பும் ரெக்வெஸ்ட்சப்மிட் முறையை அழையுங்கள்.

வெளியிடுமுன் விலை குறைந்த ஆண்ட்ராய்டு கைப்பேசி ஒன்றில் 'மு. மீனாட்சிசுந்தரம்', 'கோ. ஸ்ரீதேவி' என்ற இரு பெயர்களையும் தட்டச்சு செய்தும் ஒட்டியும் பாருங்கள். சேமித்த பதிவைத் திறந்து, அச்சாகும் சான்றிதழ் வரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். இதை உங்கள் ஏற்புச் சோதனைப் பட்டியலில் சேர்க்க வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
இணையப் படிவ நிரலாளர்கள் சிலர்