அடித்தவர்களின் பெயர் வேண்டும்: உகாண்டா சபாநாயகருக்கு ஒரு திறந்த மடல்

நவம்பர் 2024

மாண்புமிகு சபாநாயகர் அனிட்டா அமாங் அவர்களுக்கு,

வணக்கம். கம்பாலாவில் சில ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்துவிட்டு ஊர் திரும்பிய தமிழன் நான். உங்கள் நாட்டில் எனக்கு வாக்கு இல்லை, வழக்கும் இல்லை. இருந்தாலும் இந்த மாதம் 6-ஆம் தேதி உங்கள் சபையில் நடந்ததைக் கைப்பேசியில் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

காபி வாரியத்தைக் கலைத்து வேளாண் அமைச்சகத்தோடு சேர்க்கும் மசோதா நிறைவேறிய நாள். மித்யானா நகராட்சித் தொகுதி உறுப்பினர் ஃபிரான்சிஸ் ஸாக்கேயை அந்தோணி அகோல் என்ற இன்னோர் எதிர்க்கட்சி உறுப்பினர் முகத்திலேயே குத்துகிறார். ஸாக்கே சரிகிறார். நீங்கள் 12 பேரை இடைநீக்கம் செய்தீர்கள். பட்டியலில் குத்தியவரும் இருந்தார், குத்து வாங்கியவரும் இருந்தார். சரி, சபை ஒழுங்கு உங்கள் பொறுப்பு, அதில் நான் தலையிடவில்லை.

என் மனதில் தங்கியது வேறு. ஸாக்கே இதற்கு முன் வாங்கிய பெரிய அடிகளில் அடித்தவர் யாரென்று அரசு சபையில் சொன்னதாக நான் கேட்டதில்லை. இந்தக் குத்துக்கோ உடனே பெயர் கிடைத்தது, தொகுதி கிடைத்தது, கட்சி கிடைத்தது. அறையில் கேமரா இருந்தது, அவ்வளவுதான் காரணம்.

என் கோரிக்கையும் அதுதான். கேமரா இல்லாத இடங்களில் உங்கள் உறுப்பினரை அடித்தவர்களின் பெயர்களைச் சபையில் வைக்கச் சொல்லி அரசைக் கேளுங்கள்.

பின்னணி எல்லாம் உங்களுக்குத் தெரியும், முழுதாகச் சொல்லப் போவதில்லை. 2018 ஆகஸ்டில், வடமேற்கில் உள்ள அருவாவில் நடந்த இடைத்தேர்தலின்போது ஸாக்கேயைப் பிடித்தார்கள். காவலில் இருந்து தப்பிவிட்டார் என்றது காவல்துறை. 'தப்பியவர்' நினைவிழந்த நிலையில், ஏறக்குறைய 500 கிலோமீட்டர் தள்ளி, கம்பாலாவின் லுபாகா மருத்துவமனையில் போடப்பட்டிருந்தார். நினைவில்லாமல் இவ்வளவு தூரம் தப்பி ஓடிய கைதியை உலகம் அதற்கு முன் பார்த்திருக்காது. சிகிச்சைக்கு இந்தியாவுக்கு வர விமான நிலையம் போனவரை முதலில் தடுத்து, பிறகுதான் விட்டார்கள்.

2020 ஏப்ரலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். அப்போது நான் அங்கே இருந்தேன்.

கொரோனாவால் பேருந்தும் டாக்ஸியும் நின்றன. பிறகு சொந்தக் கார்களும் நின்றன. மாலை ஏழு மணிக்கு ஊரடங்கு. அரசு தலைக்கு 6 கிலோ சோள மாவும் 3 கிலோ பீன்ஸும் கொடுத்தது, அதுவும் கம்பாலாவுக்கும் சுற்றியுள்ள வகிசோ மாவட்டத்துக்கும் மட்டும். எங்கள் கட்டடத்து அஸ்காரி, அதாவது காவலாளி, மித்யானாக்காரர். பங்கு மாவை வாங்கி, பாதியைத் தனியாகக் கட்டி, என் மேசைக்கு அடியில் வைத்தார். ஊரில் இருக்கும் அம்மாவுக்காம். கம்பாலாவிலிருந்து மேற்கே போகிற சாலையில் எழுபது கிலோமீட்டர்தான் மித்யானா, ஆனால் கொண்டுபோக ஒரு வண்டி இல்லை. அவர் அம்மா இருந்த இடத்துக்கு அரசின் மூட்டையும் வராது, மகனின் மூட்டையும் போகாது. வாரக்கணக்கில் அந்தப் பொட்டலம் அங்கேயே கிடந்தது. கடைசியில் மாவில் வண்டு விழுந்துவிட்டது. அவர் அதைச் சலித்துத் தானே களி கிண்டித் தின்றார்.

அந்த மித்யானாவில்தான் 29 வயது உறுப்பினர் ஒருவர் மக்களுக்கு உணவு கொடுத்தார். கூட்டம் சேர்த்து உணவு கொடுக்கும் அரசியல்வாதிகள் மீது கொலை முயற்சி வழக்குப் போடச் சொல்லி அதிபர் முசெவேனி முன்பே எச்சரித்திருந்தார். ஏப்ரல் 19 அன்று ஸாக்கேயை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். உங்கள் அரசியலமைப்பு தரும் 48 மணி நேரக் கெடுவைத் தாண்டி வைத்திருந்தார்கள். வெளியே வந்தபோது உடம்பெல்லாம் காயம். கண்ணில் எதையோ பீய்ச்சினார்கள் என்று அவர் சொன்னார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டார் என்று உள்துறை அமைச்சர் விளக்கம் தந்தார். 2018-இல் தானே தப்பினார், 2020-இல் தானே அடித்துக்கொண்டார்! இவ்வளவு வேலையையும் ஒரே ஆள் செய்கிறார் என்றால் உங்கள் காவல்துறைக்கு எதற்குச் சம்பளம்?

மன்னியுங்கள், குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

ஆனால் அதே ஏப்ரலில் உங்கள் சபை என்ன செய்தது என்பதும் நினைவுக்கு வருகிறது. கொரோனாவை எதிர்க்க என்று உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 2 கோடி ஷில்லிங் ஒதுக்கிக்கொண்டீர்கள். அது நீதிமன்றம்வரை போனது. தொகுதிக்குச் சோறு கொண்டுபோனவருக்கு அடி, ஆளுக்கு 2 கோடி வாங்கிக்கொண்ட சபைக்கு ஒரு கீறல்கூட இல்லை. அப்புறம், வடகிழக்கில் உள்ள கரமோஜா ஏழைகளுக்கு வந்து, அவர்களுக்குப் போய்ச் சேராமல் திருடுபோன கூரைத் தகடுகள் இருக்கின்றன. அதற்காக பிரிட்டன் இந்த ஆண்டு உங்கள் பெயரையே தடைப் பட்டியலில் சேர்த்தது, நீங்களும் மறுத்தீர்கள். அது வேறு மடலுக்கு உரிய விஷயம்.

ஸாக்கே சாது என்று நான் சொல்ல வரவில்லை. 25 வயதில், 2016-இல், சுயேச்சையாக ஜெயித்து வந்தவர். அந்த வேகம் இன்னும் அடங்கவில்லை. அதிபருக்கான 75 வயது வரம்பை எடுக்கும் மசோதாவுக்காக 2017-இல் சபையில் நடந்த கைகலப்பில் ஒதுங்கி நின்றவரும் அல்ல. உங்களைப் பற்றி அவர் ட்விட்டரில் எழுதிய சொல்லும் மரியாதையானது இல்லை. ஆனால் அது எதற்கு வந்த கோபம்? சித்திரவதைப்பட்டேன் என்றவர் விளையாட்டுப் போட்டிக்கு எப்படி வந்தார் என்று நீங்கள் துணை சபாநாயகராக நாற்காலியில் இருந்து கேட்டீர்கள். அவர் பதிலுக்கு எழுதினார். 2022 மார்ச்சில் 155 வாக்குகளில் அவருடைய நாடாளுமன்ற ஆணையர் பதவி, அதாவது சபை நிர்வாகக் குழுவில் இருந்த இடம், போயிற்று. அரசியலமைப்பு நீதிமன்றம் 2023-இல் அந்த நீக்கம் செல்லாது என்றது.

ஒரு ட்விட்டர் வரிக்குச் சபை இவ்வளவு வேகமாக எழுந்து நின்றதல்லவா? விசாரணைக் குழு, அறிக்கை, வாக்கெடுப்பு, எல்லாம் சில வாரங்களில் முடிந்தன. அந்த வேகத்தில் பாதி, அவர் முதுகில் விழுந்த அடிக்கும் கிடைத்திருக்கலாம். 2012-இலேயே சித்திரவதையைத் தடை செய்து சட்டம் போட்ட நாடு உங்களுடையது. சித்திரவதை செய்த அதிகாரியைத் தனி ஆளாகவே பொறுப்பாக்கும் சட்டம் அது. அரசே பெயர் சொல்லாமல் அந்தச் சட்டத்தை யார் மீது பாய்ச்சுவது?

எனவே பணிவோடு மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். 2018-இல் அருவாவில் பிடித்து லுபாகாவில் போட்டவர்கள் யார், 2020-இல் மித்யானா வீட்டிலிருந்து கொண்டுபோனவர்கள் யார், காவலில் அருகில் இருந்தவர்கள் யார்? பெயரும் பதவியும் எழுதிய ஒரு தாளை அமைச்சரிடம் கேட்டு வாங்கி, சபைக் குறிப்பில் ஏற்றுங்கள். தண்டனை தருவது நீதிமன்றத்தின் வேலை, அதை உங்களிடம் கேட்கவில்லை.

இடைநீக்கக் காலம் முடிந்ததும் அந்த 12 பேரும் திரும்பி வந்து உட்காருவார்கள். ஸாக்கேயும் அகோலும் மறுபடி ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். அன்றைய நிகழ்ச்சி நிரலில் இதற்கு ஓர் இடம் ஒதுக்க முடியுமா என்று பாருங்கள், தயவுசெய்து.

வெபாலே ன்யாபோ. கம்பாலாவில் பெரிய பெண்மணிகளுக்கு இப்படித்தான் நன்றி சொல்லப் பழகினேன்.

பணிவுடன்,
முன்பு கம்பாலாவில் கணக்கு எழுதிய ஒருவன்