இடி கேட்ட பிறகும் ஆளேற்றிய ஜெயண்ட் வீல்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: இடி மின்னலின்போது ஜெயண்ட் வீலில் ஆளேற்றியதும், விரைவு வரிசைக் கட்டணத்தைத் திருப்பித் தர மறுத்ததும் தொடர்பாக.

ஐயா,

கடந்த ஞாயிறு மாலை உங்கள் ஜெயண்ட் வீலில் நானும் என் அம்மாவும் ஒன்பது வயது மகளும் சிக்கிக்கொண்டது பற்றி அன்றே உங்கள் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். "எதிர்பாராத வானிலையால் ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மறுநாள் ஒரு வரியில் மின்னஞ்சல் வந்தது. கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

எதிர்பாராததா? கடலோரத்தில் பூங்கா வைத்திருக்கிறீர்கள். மே மாதம் மதியத்துக்கு மேல் கடற்காற்று ஏறும், சில நாள் மாலையில் இடி இடிக்கும் என்பது வாசலில் சுண்டல் விற்கும் அம்மாவுக்கும் தெரியும். அடுத்த 3 மணி நேரத்துக்கான வானிலை மைய எச்சரிக்கை 3:50-க்கே என் கைப்பேசியில் இருந்தது.

முதல் இடி 4:20-க்குக் கேட்டது. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே என் மகள் எண்ணினாள், 24 விநாடி. ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி பிடிக்கும். அப்படியென்றால் மின்னல் 8 கிலோமீட்டர் தள்ளி. கவுண்டரில் கேட்டேன். "மழை வந்தா நிறுத்திடுவோம் சார், பயப்படாம போங்க" என்றார்கள். தலைக்கு 500 ரூபாய் கொடுத்து விரைவு வரிசையில் மூன்று சீட்டு வாங்கினேன். வாங்கியது என் புத்திக்குறைவு, ஒப்புக்கொள்கிறேன். விற்றது யார் குறை?

"நிறுத்திடுவோம்" என்ற அந்தச் சொல்லில்தான் கோளாறு. ரோலர் கோஸ்டரை நிறுத்தினால் அடுத்த வண்டி கிளம்பாது, அவ்வளவுதான். ஜெயண்ட் வீலை நிறுத்தினால் மேலே இருப்பவர்கள் மேலேயே இருப்பார்கள். உங்கள் சக்கரத்தில் 24 பெட்டி. ஒவ்வொன்றையும் கீழே கொண்டுவந்து, கதவைத் திறந்து, ஆறு பேரை இறக்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. ஏற்ற அரை மணி நேரம் என்றால் இறக்கவும் அரை மணி நேரம். மழை வந்த பிறகு நிறுத்துவதாக முடிவெடுத்தால், மழை முழுக்க ஜனம் அந்தரத்தில்தான் கழிக்க வேண்டும்.

நாங்கள் ஏறியது 4:40-க்கு. உச்சிக்குப் போனபோது மகளின் கணக்கு 9 விநாடி. அங்கேயே சக்கரம் நின்றது. தரையில் தலைமுடி கலையும் அளவுக்கு இருந்த காற்று, மேலே பெட்டியைத் தொட்டில் மாதிரி ஆட்டியது. நான் கட்டுமானத் தளத்தில் வேலை பார்க்கிறேன். டவர் கிரேன் உச்சியில் காற்றுமானி இருக்கும், அளவைத் தாண்டினால் யார் சொன்னாலும் கொக்கி நகராது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்கு. அதனால்தான் அந்தக் கண்டிப்பு. நாங்கள் அங்கே தூக்குவது செங்கலும் கம்பியும்.

பிறகு இறக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பெட்டி கீழே வரை வந்தது, நிற்காமல் மறுபடி மேலே போனது. அம்மா அழுதுவிட்டார். இரண்டு முறை இப்படி. ஏன் என்று எனக்குப் புரிந்தது: ஒரு பக்கத்தை மட்டும் காலி செய்தால் மறுபக்கம் கனத்துச் சக்கரம் தானாக இழுக்கும், அதனால் எதிரெதிர்ப் பெட்டிகளை மாற்றி மாற்றித்தான் இறக்க வேண்டும். இயக்கிய தம்பி சரியாகவே செய்தார். ஆனால் அதை ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்ல உங்கள் ஆட்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மேலே இருப்பவர்களுக்கு மறந்துவிட்டார்கள் என்றுதானே படும்? கடைசியாக எண்ணியபோது மகள் மூன்றோடு நிறுத்திவிட்டாள். கால் தரையில் பட்டபோது மணி 5:20.

அந்தத் தம்பி மீது தயவுசெய்து நடவடிக்கை எடுக்க வேண்டாம். நாங்கள் ஏறும்போதே அவர் வாக்கி டாக்கியில் "இடி இடிக்குது சார், நிறுத்தவா?" என்று கேட்டார். "வரிசை முடியட்டும்" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் யார் என்று விசாரியுங்கள்.

சீட்டின் பின்புறம் "வானிலைக்குப் பணம் திரும்பாது" என்று அச்சிட்டிருப்பதைக் காட்டி என்னைத் திருப்பி அனுப்பினார்கள். இடி கேட்ட பிறகு விற்ற சீட்டுக்கு அந்த வரி எப்படிப் பொருந்தும்? எனக்கு 1,500 ரூபாய் திரும்ப வேண்டும். சக்கரத்தைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆகும், எந்தக் காற்று வேகத்தில் ஏற்றுவதை நிறுத்துகிறீர்கள், கடைசி இடிக்குப் பிறகு எத்தனை நிமிடம் காத்திருக்கிறீர்கள் என்பதற்கு எழுத்தில் பதிலும் வேண்டும். 30 நிமிடம் காத்திருப்பது உலகில் பல இடங்களில் உள்ள வழக்கம்.

15 நாளில் பதில் இல்லையென்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

மூன்று சீட்டுகளின் நகல்களை இணைத்துள்ளேன். விற்ற நேரம் 4:31 என்று அச்சாகியிருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்