நுண்சான்றிதழுக்கு வகுப்பறையே தேர்வுக்கூடம் ஆகட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திண்டிவனம் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 22 ஆண்டுகளாகக் கணிதம் நடத்துகிறேன். கற்பித்தல் பயிற்சிக்கு வரும் பி.எட். மாணவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியையும் நான்தான். சென்ற ஆண்டு வந்த ஒரு மாணவி, முதல் நாளே ரெக்கார்டு நோட்டோடு ஒரு கோப்பையும் என்னிடம் நீட்டினார். உள்ளே இணையவழிக் குறும்படிப்புகளில் பெற்ற 11 நுண்சான்றிதழ்கள், அதாவது ஒவ்வொரு சிறு திறனுக்கும் தனித்தனியே தரும் சான்றிதழ்கள். அதில் ஒன்று, ‘வினா கேட்கும் திறன்’.

மறுநாள் ஆறாம் வகுப்பில் பின்னங்களின் கூட்டல் நடத்தினார். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்டதும், ஒரு பையன் எழுந்து “அஞ்சுல ரெண்டு மிஸ்” என்றான். “தப்பு, உட்கார்” என்று சொல்லிவிட்டு, மீச்சிறு பொது மடங்கு (மீ.சி.ம.) கண்டுபிடித்து விடையைக் கரும்பலகையில் எழுதினார். எல்லோரும் பார்த்து எழுதிக்கொண்டார்கள். அந்தப் பையன் ஏன் அப்படிச் சொன்னான் என்பது வகுப்பில் யாருக்கும் தெரியாமலே மணி அடித்துவிட்டது.

அந்தப் பெண் மேல் எனக்குக் குறையே இல்லை. அக்கறையுள்ள பெண். ஆனால் அவர் சான்றிதழ் பெற்ற விதம், காணொலியைப் பார்த்து முடித்து, கடைசியில் வரும் கொள்குறி வினாக்களுக்கு விடை அளித்தது மட்டுமே. ஒரு குழந்தையிடம் கேள்வி கேட்டுப் பார்க்கும்படி எந்தப் படிப்பும் அவரைக் கேட்கவில்லை.

அன்று மாலை, நாங்கள் பி.எட். படித்த காலத்து நுண்ணிலைக் கற்பித்தலை, அதாவது ஒரே ஒரு திறனைச் சில நிமிடம் நடத்திப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் பயிற்சியை, அவரோடு மறுபடி செய்து பார்த்தேன். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை அது. நம் நாட்டில் 36 நிமிடச் சுழற்சி: 6 நிமிடம் கற்பித்தல், 6 பின்னூட்டம், 12 மறுதிட்டம், 6 மறுகற்பித்தல், மீண்டும் 6 பின்னூட்டம். கைபேசியில் அவர் குரலை மட்டும் பதிவுசெய்து போட்டுக் காட்டினேன். கேள்வி கேட்டு ஒரு நொடிகூடக் காத்திராமல் தாமே பதில் சொல்வதைக் கேட்டு அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நொடியாவது பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீள்கிறது, பேசாத பிள்ளையும் பேசுகிறது என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதியிருக்கிறார்.

இரண்டு நாள் கழித்து அந்த மாணவி அதே பையனிடம், “எப்படிப்பா போட்டே?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். “மேல மேல கூட்டினேன், கீழ கீழ கூட்டினேன் மிஸ்.” “சரி, அரை தோசையோட இன்னும் கொஞ்சம் வச்சா, அரையவிடக் குறைஞ்சிடுமா?” பையன் யோசித்தான். அஞ்சில் ரெண்டு, பாதியைவிடக் குறைவு என்பதை அவனே கண்டுபிடித்தான். நுண்சான்றிதழ் தருவதென்றால் இந்த ஐந்து நிமிடத்துக்குத் தர வேண்டும்.

இணையவழிப் படிப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2017இல் வந்த ஸ்வயம், தீக்ஷா போன்ற மத்திய அரசின் இணையக் கல்வித் தளங்களால், பேருந்து இரண்டு மாறிக் கல்லூரி போகும் பெண்ணுக்கும் நல்ல பாடங்கள் கைக்கு வருகின்றன. பாடத்தை அங்கே படிக்கட்டும். சான்றிதழை மட்டும் வகுப்பில் செய்து காட்டியதற்குத் தாருங்கள் என்கிறேன். அமெரிக்காவில் டிஜிட்டல் பிராமிஸ் அமைப்பின் நுண்சான்றிதழ் கேட்கும் ஆசிரியர், தம் வகுப்பறையிலிருந்து சான்று அனுப்ப வேண்டும். இங்கேயும் பத்து நிமிட ஒலிப்பதிவு, பெயர் மறைத்த நான்கு மாணவர் நோட்டுப் பக்கங்கள், ‘முதலில் என்ன செய்தேன், பிறகு எதை மாற்றினேன்’ என்று ஒரு பக்கம் தமிழில் எழுதியது போதும். பிள்ளைகளின் முகம் எந்தத் தளத்திலும் ஏறக் கூடாது. குரலைப் பதிவதற்கும் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும்.

இதை மதிப்பிட, அந்தப் பாடத்தை வகுப்பில் நடத்திப் பழகிய ஆள் வேண்டும். வழிகாட்டி ஆசிரியரும், மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவன விரிவுரையாளர் ஒருவரும் சேர்ந்து பார்க்கலாம். எங்களுக்கு அதற்கு வாரம் இரண்டு பாடவேளை ஒதுக்கித் தர வேண்டும். அது இல்லாவிட்டால் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவதுபோல இதிலும் போட்டுவிடுவோம். உண்மையைச் சொல்கிறேன்.

பி.எட். இரண்டாம் ஆண்டில் 16 வாரம் பள்ளியில்தான் இருக்கிறார்கள். அதற்குள் ஒரே ஒரு திறனுக்காவது ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இதைத் தொடங்கிப் பார்க்க வேண்டும். பின்னங்களிலிருந்து தொடங்குவதானால் என் ஆறாம் வகுப்பைத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கணித ஆசிரியை,
திண்டிவனம்.